காரணமின்றிச் சிரித்தல்

நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது எல்லாம் சரிதான். ஆனால் மனித குலம் அடைந்த வெற்றிகளிலேயே தலையாயது எது என்று கேட்டால், மேலதிகாரி சிரிக்கும்வரை தானும் சிரிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். குரங்கால் இது முடியாது. குழந்தையால் முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளால் சுத்தமாக முடியாது. இதற்குப் பக்குவம் வேண்டும், அனுபவம் வேண்டும், நல்ல தாடை வேண்டும். இவை எல்லாம் ஒருங்கே அமையப்பெற்ற ஒருவரைப் பற்றியதுதான் இந்தக் கதை.

அவர் ஒரு பள்ளிப்பை கம்பெனியில் புகார்ப் பிரிவின் துணை மேலாளர். அலுவலகத்தில் அவருக்கு 'ஆமாஞ்சார்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. முதலாளி ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "ஆமாம் சார்" என்று சொல்லிவிடும் வேகம் அந்தக் கட்டடத்தில் அவருக்கு மட்டுமே வாய்த்திருந்தது. ஒருமுறை முதலாளி, "நான் சொல்றது தப்புன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டபோதும் பழக்கதோஷத்தில் "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் கேள்வியின் கடைசி வார்த்தைவரை காத்திருக்கவும் கொஞ்சம் பழகிக்கொண்டார்.

கம்பெனிக்கு ஒரு சின்னச் சிக்கல். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பை தைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்தான் அதைத் தோளில் மாட்ட மாட்டேன் என்றார்கள். மற்றபடி பை பிரமாதம். சேறு பட்டாலும் தெரியாத சேற்று நிறம். திரும்பிய பக்கமெல்லாம் பாக்கெட். முதுகுப்புறம் 'ஒழுக்கமே உயர்வு' என்று கொட்டை எழுத்தில் தையல். இந்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்தவர் முதலாளி. அவருக்குப் பிடித்த விஷயம் இரண்டே இரண்டு: ஒன்று ஒழுக்கம், மற்றது அதைப் பற்றிப் பேசுவது.

ஆமாஞ்சார் வருஷா வருஷம் ஓசியில் கிடைக்கும் பை ஒன்றை மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். மகள் பத்தாம் வகுப்பு. "தேங்க்ஸ்ப்பா" என்று வாங்கிக்கொள்வாள். மறுநாள் பார்த்தால் அந்தப் பைக்குள் இஸ்திரிக்குப் போகிற துணி இருக்கும். அவள் தோளில் போட்டியாளர் கம்பெனியின் பை தொங்கும். இதை அவர் இதுவரை பார்த்ததில்லை. அதாவது, பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

இப்படி இருக்கையில், முதலாளி ஏதோ ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தார். போகும்போது வெறுங்கையோடு போனவர், வரும்போது ஒரு வார்த்தையோடு வந்தார். அந்த வார்த்தை 'உட்புகுதல்'.

"வாடிக்கையாளரோட மனசுக்குள்ள நாம உட்புகணும்," என்றார் கூட்டத்தில். "நம்ம வாடிக்கையாளர் யாரு? ஸ்கூல் பசங்க. அவங்க மனசுல என்ன ஓடுது? நமக்குத் தெரியாது. இப்போ எல்லாப் பசங்களும் ஒரு படத்துக்குப் போறாங்களாமே, ஸ்கூல்ல நடக்குற காமெடிப் படம். அதை நாம எல்லாரும் உட்கார்ந்து பாக்கப் போறோம். சிரிக்கிறதுக்கு இல்ல. கத்துக்..."

"ஆமாம் சார்."

மனிதவளத் துறைத் தலைவரை எல்லோரும் சுருக்கமாக 'மனிதவளம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று மாலையே மனிதவளத்திடமிருந்து சுற்றறிக்கை வந்தது. 'திரைப்படம் வழி உட்புகுதல் பயிற்சி. அனைவரும் கட்டாயம் உட்புக வேண்டும். உரிய அனுமதி பெற்று மாநாட்டு அறையில் திரையிடப்படும். பாப்கார்ன் அனுமதி இல்லை.'

வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது மகள் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். இதே படத்துக்குத் தோழிகளோடு போகவேண்டும் என்று அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தாள். "படிக்கிற வயசுல என்ன படம்?" என்று அவர் ஒரே போடாகப் போட்டிருந்தார்.

"ஆபீஸ்லயா?" என்றாள். "வேலை நேரத்துலயா? சம்பளத்தோடயா?"

"அது பயிற்சிம்மா."

"நானும் பயிற்சிக்குத்தான்ப்பா கேட்டேன். நான் நிஜமாவே ஸ்கூல்ல படிக்கிறேன்."

"விடுடி," என்றாள் அவர் மனைவி. "அப்பா முதல்ல பாத்துட்டு வரட்டும். புரிஞ்சா நமக்கும் சொல்வார்."

"அடுத்த மாசம் மேலாளர் பதவி போடுறாங்க," என்றார் ஆமாஞ்சார். பழைய மேலாளர் ஓய்வுபெற்றதிலிருந்து அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அவருக்கு அதன்மேல் ஒரு கண். இல்லை, இரண்டு கண். "எனக்குக் கிடைக்கும்னுதான் பேச்சு. கிடைச்சதும் நாமளே எல்லாரும் சேர்ந்து அந்தப் படத்துக்குப் போலாம். சத்தியமா."

"நடுவுல ஏதாவது சொதப்பிடாதீங்கப்பா," என்றாள் மகள். அவளுக்குப் பதவி வேண்டியிருந்ததா, படம் வேண்டியிருந்ததா என்பது நமக்குத் தெரியாததல்ல.

படம் போடுவதற்கு முன்னால் ஒரு மீன்தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முதலாளி ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரது ஆள்காட்டி விரலில் ஒரு சாவிக்கொத்து சுழல ஆரம்பிக்கும். பேச்சு சூடு பிடிக்கப் பிடிக்க சாவியும் சூடு பிடிக்கும். முந்தைய வருஷம் அவரது அறையில் நடந்த கூட்டத்தில், 'கட்டுப்பாடு' என்ற சொல்லுக்கு அவர் வந்தபோது, சாவிக்கொத்து கட்டுப்பாட்டை இழந்து பறந்துபோய் மூலையிலிருந்த மீன்தொட்டிக்குள் 'ப்ளக்' என்று விழுந்தது. முதலாளி எழுந்துபோனார். முழுக்கைச் சட்டையோடு முழங்கைவரை உள்ளே விட்டார். மீன்கள் மிரண்டு ஓடின. சாவியை எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையில் ஒரு பாசிக்கொடி ஒட்டிக்கொண்டு ஆடியது.

"எங்க விட்டேன்?" என்றார்.

"ஒழுக்கத்துல சார்," என்றார் ஆமாஞ்சார்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்தவர்கள் உண்டு, தொடையைக் கிள்ளிக்கொண்டவர்கள் உண்டு. கணக்குப் பிரிவுக்காரர் கண்ணீரே விட்டார். கேட்டதற்கு மீன்களை நினைத்து என்றார். அன்று அந்த அறையில் விழுங்கப்பட்ட சிரிப்பு அவரவர் வயிற்றில் அப்படியே கிடந்தது. அதற்கப்புறம் அந்தச் சம்பவத்தைப் பற்றி யாரும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இதுதான் உண்மையான நிறுவனப் பண்பாடு.

இது தெரியாத ஒரே ஆள் வரவேற்பறைப் பெண். அவள் அதற்கப்புறம் வேலைக்கு வந்தவள், ஒப்பந்த ஊழியர். கம்பெனிக்கு வரும் தொலைபேசி எல்லாம் முதலில் அவளிடம்தான் வரும். ஜிப் பிய்ந்துபோன கோபத்தில் யாராவது காதைப் பொசுக்குகிற மாதிரி கத்துவார்கள். அவள் முழுக்கக் கேட்டுக்கொள்வாள். பிறகு, "அடடா, நடுரோட்டுலயா சார் பை வாயைப் பொளந்துச்சு? டிபன் பாக்ஸ் உருண்டு போச்சா?" என்று கேட்டுச் சிரித்துவிடுவாள். கேலிச் சிரிப்பு இல்லை. கூடச் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. எதிர்முனையிலும் சிரித்துவிடுவார்கள். பாதிப் புகார் அங்கேயே கரைந்துவிடும். 'துணை மேலாளரின் அயராத முயற்சியால் புகார்கள் பாதியாகக் குறைந்துள்ளன' என்று மாதாமாதம் ஆமாஞ்சார் அறிக்கை கொடுத்துவந்தார். அவளுக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் என்று மனிதவளம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு மாறி வந்திருந்தாள்.

பயிற்சி நாள் வந்தது. மாநாட்டு அறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். முன்வரிசையில் முதலாளிக்கு மட்டும் சுழல் நாற்காலி. மற்றவர்கள் பதவி வாரியாகப் பின்னால். இங்கேதான் யாரும் எதிர்பாராத ஒரு நிர்வாகச் சிக்கல் எழுந்தது: பின்னாலிருந்து பார்த்தால் முதலாளியின் முகம் தெரியவில்லை. அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனிதவளம் சமயோசிதமாகத் திரைக்குப் பக்கத்தில், எல்லோரையும் பார்த்தபடி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலாளி முகம் மலர்ந்தால் கட்டைவிரலை உயர்த்துவதாக ஏற்பாடு. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. கடமை என்றால் இதுவல்லவா கடமை.

படம் ஓடியது. ஒரு வகுப்பு. அதில் ஒரு மாணவி, அவள் வைத்ததுதான் சட்டம். யாராவது ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் வகுப்பு முழுக்க முதலில் அவள் முகத்தைப் பார்க்கும். அவள் சிரித்தால் வகுப்பே சிரிக்கும். அவள் சிரிக்காவிட்டால் ஈ ஆடாது. புதிதாகச் சேர்ந்த சோடாபுட்டிக் கண்ணாடிப் பையன் ஒருவன் முதல் நாளே அவளைப் பார்க்காமல் சிரித்துத் தொலைக்கிறான். அன்றிலிருந்து அவனோடு யாரும் சாப்பிட உட்காருவதில்லை.

"ச்சே ச்சே," என்றார் முதலாளி, "இந்தக் காலத்துப் பசங்க இப்படியா இருக்காங்க? யாரோ சிரிச்சாதான் சிரிக்கிறதா? சுயபுத்தி வேணாம்?"

மனிதவளம் தலையசைத்தார். அதைப் பார்த்து அறை முழுக்க "ச்சே ச்சே" என்றது.

இடையில் ஒருமுறை முதலாளிக்குத் தும்மல் வந்து தோள் குலுங்கியது. மனிதவளத்தின் கட்டைவிரல் அவசரப்பட்டுவிட்டது. விற்பனைப் பிரிவு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. அப்போது திரையில் அந்தப் பையனின் நாய்க்குட்டி செத்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

படத்தில் வரும் தலைமையாசிரியர் தன் அறையில் மாணவர்களை நிற்கவைத்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். விரலில் சாவிக்கொத்து சுழல்கிறது. பின்னால் ஒரு மீன்தொட்டி. அறையிலிருந்த பழைய ஆட்கள் அத்தனை பேரும் முதலாளியின் பின்மண்டையைப் பார்த்தார்கள். அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு முதலாளியையும் தெரியாது, அவரது தொட்டியையும் தெரியாது. சாவி பறந்தது. 'ப்ளக்'. தலைமையாசிரியர் கோட்டோடு கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது கோட்டுக் கையிலிருந்து ஒரு மீன் எட்டிப் பார்த்தது. "எங்க விட்டேன்?" என்றார்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பிரேக் இல்லாத சைக்கிள் இறக்கத்தில் போவது மாதிரி, கடகடவென்று, நிற்காமல். வரவேற்பறைப் பெண். அவள் யாரையும் நினைத்துச் சிரிக்கவில்லை. ஒரு மனுஷன் கையில் மீன் எட்டிப் பார்த்தால் சிரிப்பு வருமா வராதா? வந்தது, சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு போய் ஆமாஞ்சாரின் தாடையில் இடித்தது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த தாடை. ஒரு கணம் தாங்கிப் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது. வருஷக்கணக்காக வயிற்றில் கிடந்தது எல்லாம் கிளம்பி மேலே வந்தது. மூக்கால் சிரித்தார், வாயால் சிரித்தார், மூக்குக் கண்ணாடி மடியில் விழ, முன்னால் இருந்தவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு 'ஐயோ ஐயோ' என்று சிரித்தார். எவ்வளவு சுகமாக இருந்தது! பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபிறகு அவர் இப்படி ஒருநாளும் சிரித்ததில்லை.

முதலாளி நாற்காலியைச் சுழற்றித் திரும்பினார். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். மறுபடி திரையின் பக்கம் சுழன்றுகொண்டார். விரலில் இருந்த சாவிக்கொத்து சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போனது.

மிச்சப் படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் ஆமாஞ்சாருக்குப் பாதிதான் சொல்லத் தெரியும். ஆனால் கடைசிக் காட்சி அவருக்கு மறக்கவே மறக்காது. பள்ளிக்கூட மணியை யாரோ முன்கூட்டியே அடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். "மணி அடிச்சது யாரு?" என்று தலைமையாசிரியர் உறுமுகிறார். சோடாபுட்டிப் பையன் நடுங்கிக்கொண்டே எழுந்து, "நான்தான் சார்," என்கிறான். உடனே பக்கத்திலிருந்த குண்டுப் பையன் எழுந்து, "நான்தான் சார்," என்கிறான். அப்புறம் இன்னொருவன், அப்புறம் ஒரு பெண். "நான் அன்னிக்கு லீவு சார், ஆனாலும் நான்தான்," என்று ஒருத்தி. கடைசியில் அந்தச் சட்டம் போடுகிற மாணவியும் எழுகிறாள். வகுப்பே நிற்கிறது. ஆமாஞ்சாருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் கணக்குப் பிரிவுக்காரரும் மூக்கை உறிஞ்சினார்.

"நல்ல பாடம்," என்றார் முதலாளி, விளக்கு போட்டதும். "ஒற்றுமை. ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் கொடுக்காம இருக்கிறது. நம்ம கம்பெனிக்கும் இதான் வேணும்." எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி மனிதவளத்தைத் தனியே கூப்பிட்டு, "சிரிச்சது யார்னு பாருங்க," என்றார்.

மறுநாளே 'சிரிப்புச் சம்பவம் குறித்த உண்மை கண்டறியும் குழு' அமைக்கப்பட்டது. மனிதவளம்தான் குழுத் தலைவர்; கணக்குப் பிரிவுக்காரரும் விற்பனைப் பிரிவுக்காரரும், அதாவது கணக்கும் விற்பனையும், உறுப்பினர்கள். குழு கூடியதும் முதல் வேலையாகக் குற்றத்துக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தது. அங்கேயே வண்டி நின்றுவிட்டது.

"முதலாளியைப் பாத்துச் சிரிச்சதுன்னு எழுதலாமா?" என்றார் விற்பனை.

"முதலாளி திரையில இல்லையே," என்றார் மனிதவளம்.

"அப்போ, முதலாளி மாதிரி இருந்தவரைப் பாத்து..."

"மாதிரி இருந்தார்னு யார் சொல்றது? நீங்க சொல்றீங்களா? பேரைப் போட்டு எழுதிக்கவா?"

"ஐயையோ, நான் எங்க சொன்னேன்? கணக்கு சாரைக் கேளுங்க."

"நான் அந்த சீனையே பாக்கல," என்றார் கணக்கு. "குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டிருந்தேன்."

"நீங்க செருப்புல்ல போட்டிருந்தீங்க?"

"அதனாலதான் அவ்வளவு நேரமாச்சு."

காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் காரணத்தை எழுத முடியவில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு குற்றத்துக்குக் 'காரணமின்றிச் சிரித்தல்' என்று பெயர் சூட்டப்பட்டது. அடுத்த கேள்வி, சிரித்தது எத்தனை பேர் என்பது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இரண்டு சிரிப்பு கேட்டிருந்தது.

"ரெண்டு பேர் சிரிச்சா அது அபிப்பிராயம் ஆயிடும்," என்றார் மனிதவளம். "ஒருத்தர் சிரிச்சா அது கோளாறு. நமக்குக் கோளாறுதான் வசதி."

ஆமாஞ்சார் விசாரணைக்குப் போகும் வழியில் தண்ணீர் கேன் பக்கத்தில் வரவேற்பறைப் பெண் நின்றிருந்தாள். டம்ளரில் தண்ணீர் நிரம்பி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை.

"சார், எனக்கு அடுத்து உங்களைக் கூப்பிட்டிருக்காங்களாமே?"

"ஆமாம்மா."

"நான் உண்மையைச் சொல்லிட்டேன் சார். சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்னு. நீங்களும் சிரிச்சீங்கல்ல, அதை நான் சொல்லல. நீங்களே சொல்லுங்க, அது போதும். ரெண்டு பேர்னா விட்டுடுவாங்க சார். எனக்கு அடுத்த மாசம்தான் நிரந்தரம் பண்றதா சொல்லியிருக்காங்க. அம்மாவை வேற கூட்டிட்டு வந்துட்டேன்."

"சொல்றேம்மா," என்றார் ஆமாஞ்சார். நெஞ்சைத் தொட்டுத்தான் சொன்னார். "கண்டிப்பா சொல்றேன். நீ கவலைப்படாதே."

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார். அந்த சாவி சீன்ல சிரிக்கிறதுல அப்படி என்ன தப்பு?"

அவளுக்கு மீன்தொட்டி விஷயமே தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த அறையிலேயே காரணமின்றிச் சிரித்தவள் அவள் ஒருத்திதான். காரணத்தோடு சிரித்தவர் அவர். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். "தண்ணி வழியுது பாரு," என்றார்.

குழு அவரை மரியாதையாக உட்காரவைத்தது.

"துணை மேலாளரே," என்றார் மனிதவளம், "அடுத்த மாசம் நல்ல சேதி காத்திட்டிருக்கு. அதனால யோசிச்சுப் பேசுங்க. அந்த சீன்ல உங்ககிட்ட இருந்து ஒரு சத்தம் வந்ததா சொல்றாங்க. அது என்ன சத்தம்? இருமலா?"

"அது வந்து..."

"விக்கலா?"

"இல்ல சார், நான்..."

"புரையேறிடுச்சா?" என்றார் கணக்கு, அக்கறையோடு.

"பாப்கார்னே குடுக்கலையே, எப்படிப் புரையேறும்?" என்றார் விற்பனை.

"எச்சில் புரையேறலாம்," என்றார் மனிதவளம். "எங்க மாமனாருக்கு ஏறியிருக்கு. புரைன்னு எழுதிக்கிறேன். சரி, அடுத்த கேள்வி. சிரிச்சது யாரு?"

மணி அடிச்சது யாரு? ஆமாஞ்சாருக்குக் காதில் அப்படித்தான் விழுந்தது. சோடாபுட்டிப் பையன் கண்முன்னே வந்து நின்றான். குண்டுப் பையன் வந்தான். அன்று லீவு போட்டவளும் வந்தாள். ஆமாஞ்சார் நாற்காலியின் கையைப் பிடித்தார். எழுந்தார். உண்மையிலேயே எழுந்தார்; முட்டி நிமிர்ந்தது, முதுகு நிமிர்ந்தது, வாய்கூடத் திறந்தது.

மூன்று பேரும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

"என்ன, எழுந்துட்டீங்க?" என்றார் மனிதவளம்.

"ஃபேன்," என்றார் ஆமாஞ்சார். "ஃபேனைக் கொஞ்சம் கூட்டலாமான்னு."

போய்க் கூட்டினார். காற்று நன்றாக வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சத்தம் பின்னாடி வரிசையில இருந்து வந்துச்சு," என்றார்.

"பின்னாடி வரிசையில யாரு?"

"வரவேற்பறை."

"ஒரு சிரிப்புதான் கேட்டுது, இல்லையா?"

"ஆமாம் சார்," என்றார் ஆமாஞ்சார். இந்த முறை அரை நொடி தாமதமாகத்தான் சொன்னார் என்பதை அவருக்குச் சாதகமாகப் பதிவு செய்கிறோம்.

குழு ஒருமனதாக அறிக்கை கொடுத்தது. ஒப்பந்த ஊழியர் ஒருவரிடம் காரணமின்றிச் சிரிக்கும் கோளாறு காணப்படுவதால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்பது ஒன்று. துணை மேலாளரின் புரை விரைவில் குணமடைய வாழ்த்து என்பது இன்னொன்று. படத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'கடைசிக் காட்சியில் அனைவரும் எழுந்து நிற்பது நடைமுறைக்கு ஒவ்வாதது, இளம் உள்ளங்களைத் தவறாக வழிநடத்தக் கூடியது.'

வெள்ளிக்கிழமை மாலை வரவேற்பறைப் பெண் தன் காபிக் கோப்பையையும் மேஜையில் வளர்த்த சின்னச் செடியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். கம்பெனிப் பைதான். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாகப் புகார்ப் பிரிவுக்கு வந்தாள்.

"போய்ட்டு வரேன் சார்."

"வாம்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்..."

"பரவாயில்ல சார். உங்களுக்குப் புரை இப்போ தேவலையா?"

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பில்லாத அவள் முகத்தை அவர் அன்றுதான் பார்த்தார். அவள் போனபிறகு, நிஜமாகவே அவருக்குப் புரையேறியது.

அடுத்த மாதம் அவர் மேலாளர் ஆனார். இனிமேல் நாமும் மரியாதையாக மேலாளர் என்றே சொல்வோம். வரவேற்பறையில் ஒரு இயந்திரம் வைத்தார்கள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று அது யார் திட்டினாலும் ஒரே குரலில் சொன்னது. புகார்கள் குவிந்தன. மேலாளர் அசரவில்லை. புகார்ப் பிரிவின் பெயரை 'அன்பான கருத்துகள் பிரிவு' என்று மாற்றினார். அன்றே புகார்கள் ஒன்றுகூட இல்லாமல் போயின. முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

கொடுத்த வாக்குப்படி ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். கூட்டமோ கூட்டம். பார்த்த பிள்ளைகளே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள். ஒரு தோளிலாவது 'ஒழுக்கமே உயர்வு' இல்லை. மகள் பாப்கார்னும் கையுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நீங்க ஏற்கெனவே பாத்ததைக் காட்டிக்காதீங்க. முன்னாடியே சொல்லிடாதீங்க," என்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக அவரோடு பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அவருக்கு மனசு குளிர்ந்தது.

சாவி பறந்தது. 'ப்ளக்'. தியேட்டர் கூரை அதிர்ந்தது. பிள்ளைகள் யாரையும் பார்க்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மேலாளர் மட்டும் கழுத்தை நீட்டி முன்னும் பின்னும் பார்த்தார்.

"யாரைப்பா தேடுறீங்க?" என்றாள் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"யாரையும் இல்லம்மா."

"உங்களுக்குச் சிரிப்பே வரலையா?"

"வருது. இரு."

அப்போது, அத்தனை சத்தத்துக்கும் நடுவில், ஐந்தாறு வரிசைக்கு முன்னாலிருந்து தனியாக ஒரு சிரிப்பு கேட்டது. கடகடவென்று, பிரேக் இல்லாமல். சுற்றியிருந்த பிள்ளைகள் அந்தச் சிரிப்பைக் கேட்டு இன்னொரு சுற்று சிரித்தார்கள். மேலாளர் இருக்கையில் சறுக்கிக் கீழே இறங்கினார். வந்த சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

"யாருப்பா அவங்க, என்ன அழகா சிரிக்கிறாங்க!" என்றாள் மகள். "பக்கத்துல அவங்க அம்மா போல. அவங்களும் சிரிக்கிறாங்க பாருங்க."

"தெரியலையேம்மா," என்றார் மேலாளர்.

கடைசிக் காட்சி வந்தது. அந்தக் காட்சியில் பார்க்கிறவர்களும் எழுந்து நிற்பது பிள்ளைகள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "மணி அடிச்சது யாரு?" என்று தலைமையாசிரியர் உறுமியதுதான் தாமதம், முன்வரிசை எழுந்தது. "நான்தான் சார்!" நடு வரிசை எழுந்தது. "நான்தான் சார்!" ஐந்தாறு வரிசைக்கு முன்னால் ஒருத்தி எழுந்து, அம்மாவையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். மகள் எழுந்தாள். எதற்கு என்று தெரியாமலேயே மனைவியும் எழுந்து, "நான்தான் சார்!" என்று கத்திவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள்.

தியேட்டரே நிற்க, மேலாளர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். இதற்குப் பக்குவம் வேண்டும், அனுபவம் வேண்டும், நல்ல முட்டி வேண்டும்.

"எழுந்திருங்கப்பா," என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா விளையாட்டுக்குத்தானே!"

"முட்டி வலிக்குதும்மா. நீ பாரு."

நின்றவர்களின் முதுகு மறைத்ததில் அவருக்குத் திரை தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் காதில் கேட்டாள்: "அப்பா, நிஜத்துல இப்படி நடந்தா நீங்க எழுந்து நிப்பீங்கதானே?"

"ஆமாம்மா," என்றார் மேலாளர், உட்கார்ந்தபடியே.